பழைய கார்களும் புதிய பெறுமதியும்
புதுக்கப்பட்ட அமெரிக்க மோட்டார் வாகனங்களின் சந்தை பற்றிய ஒரு நோக்கு

1

நவீன உற்பத்தி முறைமை ஈன்ற பண்டங்களுள் விரைவாகப் பெறுமதி இழப்பனவற்றில் மோட்டார் கார் முக்கியமானது. விற்பனை நிலையத்தின் வாயிலைத் தாண்டியதும் அதன் விலை இறங்கத் தொடங்கிவிடுகிறது. பத்தாண்டு சென்றால் அது பழைய வாகனம். இன்னும் சில ஆண்டுகள் சென்றால் பழைய இரும்பு. இது பொது விதி. இவ்விதிக்குப் புறநடையாக அமையும் ஒரு சந்தை ஐக்கிய அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கு மேலாக வளர்ந்து வந்துள்ளது. அரிசோனா மாநிலத்தின் ஸ்கொட்ஸ்டேல் நகரில் பரெற் - ஜக்சன் நிறுவனத்தின் கார் ஏலம் 1971ஆம் ஆண்டு முதன்முதலாக நடைபெற்றது. இன்று ஒவ்வொரு சனவரி மாதமும் அங்கும், புளோரிடா மாநிலத்தின் கிஸிம்மீ நகரிலும் நிகழும் ஏலங்களில் ஆயிரக்கணக்கான பழைய அமெரிக்கக் கார்கள் விற்பனைக்கு வருகின்றன. 1950களிலும் 1960களிலும் உருவானவை அவற்றுள் பெருந்தொகையின. அவற்றிற் சில, புதிதாய் விற்கப்பட்டபோது பெற்ற விலையின் பன்னூறு மடங்கினைப் பெறுகின்றன.

இதனைச் செல்வந்தரின் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின், ஒரு சமுதாயம் தான் உற்பத்தி செய்தவற்றுள் எதனை நினைவிற் கொள்கிறது, எவ்வாறு நினைவிற் கொள்கிறது, அந்த நினைவுக்கு யார் விலை கொடுக்கிறார், யாருடைய உழைப்பு அந்நினைவினின்றும் விலக்கப்படுகிறது என்ற வினாக்களை எழுப்புவோர்க்கு இச்சந்தை பயனுள்ள ஆய்வுப் பொருளாகும். இக்கட்டுரையில் அதன் தோற்றம், அது தொழிற்படும் முறை, அதனுள் மறைந்து நிற்கும் மனித உழைப்பு ஆகிய மூன்றையும் நோக்குவோம்.

2

ஹென்றி போர்ட் தமது 'ரி' மாதிரிக் காரை 1908இல் வெளியிட்டார். 1913இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் பொருத்து வரிசை நடைமுறைக்கு வந்தது. 1927 வரையில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட 'ரி' மாதிரிகள் உருவாகின. போர்டின் கொள்கை ஒரே வகைக் காரை மேலும் மேலும் மலிவாக உற்பத்தி செய்வதாகும். ஆயினும், வாங்கக்கூடியவர் யாவரும் ஒரு காரை வாங்கிவிட்ட பின்னர் எதனை விற்பது என்ற இடர்ப்பாடு தோன்றிற்று. இதற்கு விடை கண்டவர் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவர் அல்பிரட் சுலோன். ஆண்டுதோறும் காரின் புறத்தோற்றத்தை மாற்றுதல், வருமானப் படிநிலைக்கேற்ப வெவ்வேறு பெயர்களில் விற்றல் என்பன அவர் கையாண்ட வழிகள். 1927இல் அந்நிறுவனம் ஹாலி ஏர்ள் என்பவரின் தலைமையில் வடிவமைப்புக்கெனத் தனிப் பிரிவொன்றை நிறுவியது. சென்ற ஆண்டின் கார் ஓடக்கூடிய நிலையில் இருக்கும்போதே அதன் சொந்தக்காரரை அதில் அதிருப்தி கொள்ளச் செய்வதே இப்பிரிவின் பணியாயிற்று. 1950களின் கார்களில் நாம் காணும் வால் துடுப்புகளும் குறோமியப் பூச்சும் இக்கொள்கையின் விளைவுகள். வான்ஸ் பக்கார்ட் 1960இல் வெளியிட்ட நூலொன்றில் இத்திட்டமிட்ட வழக்கொழிவினைக் கடுமையாகக் கண்டித்தார்.

இங்கு மனங்கொள்ள வேண்டிய முரண்பாடு ஒன்றுண்டு. இன்று பேணிப் போற்றப்படும் இக்கார்கள் வீசப்படுவதற்கெனவே ஆக்கப்பட்டவை. அவை வீசப்பட்டமையாலேயே மலிவாகக் கிடைத்தன. மலிவாகக் கிடைத்தமையாலேயே மாற்றியமைக்கும் கலை பிறந்தது. 1932இல் போர்ட் நிறுவனம் எட்டு உருளைகளைக் கொண்ட 'வி' வடிவ எஞ்சினைச் சாதாரண விலையுள்ள காரொன்றிற் பொருத்தியது. அதன் வலு 65 குதிரைவலு. சில ஆண்டுகளில் இக்கார்கள் பழைய வாகனச் சந்தையை அடைந்ததும் தென் கலிபோர்ணிய இளைஞர் அவற்றை வாங்கி, சேற்றுக்காப்புகளைக் கழற்றிப் பாரத்தைக் குறைத்து, எஞ்சினைத் திருத்தி, வறண்ட ஏரிப் படுக்கைகளில் ஓட்டி வேகத்தைச் சோதித்தனர். இவர்களின் குழுக்களை ஒன்றிணைத்து 1937இல் தென் கலிபோர்ணிய வேகச் சோதனைச் சங்கம் உருவாயிற்று. இரண்டாம் உலகப் போரிலிருந்து இயந்திரப் பயிற்சியுடன் திரும்பியோர் இக்கலைக்குப் புதிய வலுவூட்டினர். 'ஹொட் றொட்' எனப்பட்ட இவ்வாகனங்களுக்கென அப்பெயரிலேயே ஒரு சஞ்சிகை 1948 சனவரியில் வெளிவந்தது. ஆரம்பத்தில் இது பணம் படைத்தோரின் கலையன்று. நிறுவனம் எதை விற்றதோ அதை அவ்வாறே ஏற்காது, தன் கைத்திறனால் வேறொன்றாக்கும் முயற்சி இது.

இதே காலப்பகுதியில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மெக்சிக்க வம்சாவளியினர் வேறொரு மரபினை வளர்த்தனர். அவர்கள் நாடியது வேகத்தை அன்று. காரைத் தாழ்த்தி, நுண்ணிய வண்ண வேலைப்பாடுகள் செய்து, விற்றியர் பெருந்தெருவில் மெல்ல ஊர்ந்து செல்வதையே விரும்பினர். சக்கர விளிம்பின் மட்டத்திற்குக் கீழே காரின் எப்பகுதியும் இருத்தலாகாது எனக் கலிபோர்ணியச் சட்டம் 1950களின் இறுதியில் விதித்தது. அவர்கள் விமானங்களினின்றும் கழித்த நீரியல் அழுத்தக் கருவிகளைக் காரிற் பொருத்தி, விரும்பியபோது தாழ்த்தவும் பொலிசாரைக் கண்டதும் உயர்த்தவும் வழி கண்டனர். 1964ஆம் ஆண்டின் செவர்லே இம்பாலா இம்மரபின் சின்னமாயிற்று. 1982இல் இவ்வாறு ஊர்ந்து செல்வதைத் தடைசெய்யும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களுக்கு அளிக்கப்பட்டது. 2023இல் நிறைவேறி 2024 சனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டமே இவ்விரு தடைகளையும் நீக்கியது. ஒரு கார் எவ்வளவு உயரத்தில் நிற்கலாம் என்பதும் இன உறவுகளின் வரலாற்றோடு பிணைந்த வினாவாயிருந்தமை இதனாற் புலனாகும்.

3

சந்தையில் உயர்ந்த விலை பெறுவனவற்றுள் 1964க்கும் 1971க்கும் இடைப்பட்ட பெருவலுக் கார்கள் முக்கியமானவை. 1964இல் பொன்ரியாக் பிரிவு, பெரிய கார்களுக்குரிய 389 கன அங்குல எஞ்சினை இடைத்தர உடற்கூடொன்றிற் பொருத்தி 'ஜி.ரி.ஓ.' என்ற பெயரில் விற்றது. அதே ஆண்டு ஏப்பிரலில் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான போர்ட் மஸ்டாங், முதல் ஓராண்டிலேயே நான்கு இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை வயதுக்கு வந்த காலம் அது. இக்கார்களின் எழுச்சியைப் போன்றே வீழ்ச்சியும் விரைவானது. காப்புறுதிக் கட்டணங்கள் உயர்ந்தன; 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் புகைக் கழிவைக் கட்டுப்படுத்தியது; 1973இன் எண்ணெய் நெருக்கடி எஞ்சியதையும் முடித்து வைத்தது.

எனவே, இக்கார்கள் மூடுண்ட ஒரு காலகட்டத்தின் பொருள்களாயின. அக்காலத்தில் அவற்றை ஏக்கத்துடன் பார்த்த மாணவர் நடுவயதை அடைந்து கையிற் பணம் கண்டபோது, இழந்த இளமையை வாங்கும் சந்தையொன்று தோன்றியது. 1971ஆம் ஆண்டின் பிளைமத் 'ஹெமி கூடா' என்னும் திறந்த கூரைக் கார் 11 மட்டுமே செய்யப்பட்டது. 426 கன அங்குல எஞ்சினின் மேலதிக விலையையும் காப்புறுதிச் சுமையையும் ஏற்க வாங்குவோர் முன்வராமையே எண்ணிக்கை குறைந்தமைக்குப் பிரதான காரணம். அவற்றுள் ஒன்று 2014இல் 35 இலட்சம் டொலருக்கு ஏலத்திற் போயிற்று. அன்று விலைபோகாமையே இன்று அதன் விலையாகிறது.

அபூர்வமான சிலைகள், ஓவியங்கள், நாணயங்கள் போன்றவற்றின் பெறுமதி அவற்றை ஆக்கச் செலவான உழைப்பினால் அன்றி அவற்றின் அருமையினாலேயே நிர்ணயமாகிறதென டேவிட் றிக்காடோ 1817இலேயே புறநடை கூறி வைத்தார். பொருத்து வரிசையில் உருவான ஓர் ஆலைப் பண்டம் இப்புறநடைக்குள் வந்து சேரும் விந்தையையே நாம் இங்கு காண்கிறோம்.

4

விற்பனைக்கு வரும் பழைய கார்களை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது, ஆலையிலிருந்து வெளிவந்த நிலைக்கு மீட்கப்பட்டது. இரண்டாவது, புறத்தோற்றம் பழையதாகவும் உள்ளுறுப்புகள் புதியனவாகவும் மாற்றியமைக்கப்பட்டது. இதனை 'றெஸ்டோமொட்' என்பர். மூன்றாவது, கைபடாது எஞ்சியது.

முதலாம் வகையிற் கார் கடைசி ஆணிவரை கழற்றப்படுகிறது. உடற்கூட்டினைச் சுழலும் தாங்கியொன்றில் ஏற்றித் துருவைக் களைந்து, உக்கிய தகட்டை வெட்டி நீக்கிப் புதுத் தகட்டை உருக்கி ஒட்டுகின்றனர். ஆயிரம் மணித்தியாலத்துக்கு மேற்பட்ட உழைப்பு இதற்குச் செலவாதல் வழமை. செலவிட்ட தொகை விற்பனையில் மீளாது போவதும் உண்டு. இங்கு விலையைத் தீர்மானிக்கும் பிரதான காரணி இலக்கப் பொருத்தமாகும். எஞ்சினிலும் கியர்ப் பெட்டியிலும் பொறிக்கப்பட்ட இலக்கங்கள் காரின் அடையாள இலக்கத்தோடு இசைய வேண்டும். ஒரே தோற்றமுடைய இரு கார்களுள் ஒன்று இவ்வாறு இசைந்தும் மற்றையது இசையாதும் இருப்பின் விலை பெரிதும் வேறுபடும். இரண்டும் ஓடுவதில் வேறுபாடில்லை.

இங்கு மோசடிக்கும் இடமுண்டு. பதினேழு எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட சீரான அடையாள முறை 1981ஆம் ஆண்டு மாதிரிகளோடுதான் வந்தது. அதற்கு முன்னர் ஒவ்வொரு நிறுவனமும் தத்தம் முறையைக் கையாண்டது. அக்காலத்துச் சில கார்களின் அடையாள இலக்கத்தினின்றும் அது எத்தகைய எஞ்சினோடு பிறந்தது என்பதை அறியவியலாது. ஆதலின் சாதாரண கார் ஒன்றுக்கு அரிய வகையின் சின்னங்களையும் எஞ்சினையும் பொருத்துவது எளிது. வெளிப்படையாகச் சொல்லி விற்கப்படின் அது 'நகல்' அல்லது 'அஞ்சலி' எனப்படும். சொல்லாது விற்கப்படின் மோசடி. எனவே வாங்குவோர் உடற்கூட்டிலுள்ள தகட்டுக் குறிகளையும், இருக்கையின் அடியிற் சில வேளை அகப்படும் ஆலைக் கட்டளைத் தாளையும், எஞ்சின் வார்ப்பின் திகதியையும் ஒப்புநோக்குகின்றனர். ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் காணும் பதிப்பாசிரியரின் முறைக்கும் இதற்கும் ஒற்றுமையுண்டு.

இரண்டாம் வகை வேறு நோக்குடையது. 1960களின் பல கார்களில் டிறம் பிறேக்குகளே நான்கு சக்கரங்களிலும் இருந்தன, விபத்தின்போது மடங்கிக்கொடுக்கும் சுக்கான் தண்டு இல்லை, தோள்வார் இல்லை. இக்குறைபாடுகளை றால்ப் நேடர் 1965இல் தமது நூலில் அம்பலப்படுத்தினார். 1966இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மாற்றியமைப்போர் டிஸ்க் பிறேக்குகளையும், எரிபொருளைக் கணினிவழி உட்செலுத்தும் புதிய எஞ்சினையும், புதிய அதிர்வுதாங்கிகளையும், குளிரூட்டியையும் பழைய உடலுக்குட் பொருத்துகின்றனர். பொருளாதார நோக்கில் இதன் விளைவு குறிப்பிடத்தக்கது. அரிய காரொன்றை மாற்றியமைத்தால் அதன் விலை குறையும். சாதாரண காரொன்றை நன்கு மாற்றியமைத்தால் கூடும். ஆகவே அரியவை அருங்காட்சிப் பொருள்களாயும் சாதாரணமானவை ஓடும் வாகனங்களாயும் பிரிகின்றன. சில கார்களுக்கு உடற்கூடு முழுவதுமே இன்று புதிதாகச் செய்யப்பட்டுக் கிடைக்கிறது. ஆண்டுக்கு 325 வரையிலான பழைய வடிவக் கார்களைப் புதிதாகச் செய்து விற்கச் சிறு உற்பத்தியாளர்க்கு வழிசெய்யும் சட்டம் 2015இல் நிறைவேறியது. பழைமை தானும் உற்பத்திப் பொருளாகிவிட்டது.

மூன்றாம் வகையே அண்மைக்காலத்தில் வியப்பூட்டும் மதிப்பைப் பெற்றுள்ளது. 1968இல் வெளிவந்த 'புல்லிற்' திரைப்படத்திற் பயன்பட்ட மஸ்டாங் கார் ஒன்றினை 1974இல் ஒரு குடும்பத்தினர் 6,000 டொலருக்கு வாங்கி அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தினர். பின்னர் அது நெடுங்காலம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. 2020 சனவரியில் கிஸிம்மீயில் 34 இலட்சம் டொலருக்கு ஏலம் போனபோது அது புதுக்கப்படாத நிலையிலேயே, மங்கிய வண்ணத்துடனும் துருவுடனும் நின்றது. புதுக்கல் வரலாற்றைக் காப்பதுபோலத் தோன்றினும், பயன்பாட்டின் தடங்களை அது அழித்துவிடுகிறது என்பதைச் சந்தையே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி இது.

5

இனி, இக்கட்டுரையின் மையப் பொருளுக்கு வருவோம். போட்டிகளுக்கெனப் புதுக்கப்படும் கார்களில் ஒரு விசித்திர வழக்கம் நிலவுகிறது. பொருத்து வரிசையிலே தொழிலாளர் இட்ட சுண்ணக் கட்டிக் கீறல்கள், பரிசோதகரின் வண்ணப் புள்ளிகள், அவசரத்திற் சிதறிய வண்ணத் தூவல், வழிந்து உறைந்த ஒட்டுப்பசை ஆகியவற்றையும் ஆராய்ந்து, பழைய ஒளிப்படங்களோடும் எஞ்சிய கார்களோடும் ஒப்பிட்டு, அவ்வவ்விடத்தில் மீண்டும் இடுகின்றனர். இல்லையேற் புள்ளிகள் குறையும். கையால் ஆக்கப்பட்ட பொருளின் செம்மையின்மையைச் செல்வ வகுப்பினர் கௌரவச் சின்னமாகக் கொள்வதை வெப்லன் 1899இலேயே எடுத்துக்காட்டினார். இங்கு போற்றப்படுவதோ கைவினையின் செம்மையின்மையன்று. ஆலை வரிசையின் வேகத்தால் விளைந்த செம்மையின்மை.

அவ்வேகம் எங்கிருந்து வந்தது? டெட்ரோயிட் நகரோடு ஒட்டிய ஹம்ட்ராம்க் என்னுமிடத்தில் 'டொட்ஜ் மெயின்' ஆலை இருந்தது. பிளைமத் பராக்குடாவும் டொட்ஜ் சாலஞ்சரும் 1970ஆம் ஆண்டு மாதிரி முதல் பெருந்தொகையாக உருவான ஆலை இதுவே. 1968 மே மாதத்தில் வரிசையின் வேகம் கூட்டப்பட்டமையை எதிர்த்து இங்கு தொழிற்சங்கத்தின் அனுமதியின்றியே வேலை நிறுத்தம் வெடித்தது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் அதிற் கலந்துகொண்டனர்; தண்டனையின் சுமை கறுப்பினத் தொழிலாளர் மீதே பெரிதும் விழுந்தது. அதன் விளைவாக 'டொட்ஜ் புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கம்' தோன்றியது. கடினமும் ஆபத்தும் மிகுந்த வேலைகள் கறுப்பினத்தவருக்கே ஒதுக்கப்படுவதையும், மேற்பார்வைப் பதவிகள் வெள்ளையர் கையிலேயே இருப்பதையும், தொழிற்சங்கத் தலைமை இவற்றைக் கண்டும் காணாதிருப்பதையும் அது எதிர்த்தது. அவ்வாலை 1980இல் மூடப்பட்டுப் பின்னர் இடித்துத் தள்ளப்பட்டது. 1950இல் பதினெட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த டெட்ரோயிட் நகரில் 2020இல் எஞ்சியோர் ஆறரை இலட்சத்துக்கும் குறைவு. 2013இல் அந்நகராட்சி வங்குரோத்து அடைந்தது.

ஆக, வேகக் கூட்டலால் நேர்ந்த வண்ணச் சிதறல் இன்று ஆயிரக்கணக்கான டொலர் செலவில் மீள வரையப்படுகிறது. அதனைச் சிதறவிட்ட கையின் சொந்தக்காரரோ விற்பனைப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. எஞ்சினின் இலக்கம் தெரியும்; முதல் உரிமையாளரின் பெயர் தெரியும்; காரை விற்ற முகவர் நிலையமும் தெரியும். பொருத்தியவரின் பெயர் மட்டும் தெரியாது. மனிதரிடையேயான உறவு பொருள்களிடையேயான உறவாகத் தோற்றங்கொள்ளும் எனக் கார்ல் மார்க்ஸ் கூறியதற்கு இதனினும் துலக்கமான எடுத்துக்காட்டுக் காண்பதரிது. சுண்ணக் கீறல் எஞ்சியுள்ளது. அதைக் கீறிய தொழிலாளி மறைந்துவிட்டார்.

6

இவற்றோடு ஒப்புநோக்கத்தக்க இன்னொரு பழைய கார் உலகம் கியூபாவில் உண்டு. 1960இல் அமெரிக்கா ஏற்றுமதித் தடை விதித்து, 1962 பெப்ரவரியில் அதனை முழு வர்த்தகத் தடையாக்கியதும், புதிய கார்களும் உதிரிப்பாகங்களும் வருவது நின்றது. 2011 வரையில் புரட்சிக்கு முன்னர் நாட்டிலிருந்த கார்களையே தனியாட்கள் தம்முள் தடையின்றி விற்கவும் வாங்கவும் இயன்றது. எனவே அக்கார்கள் ஓடியே ஆகவேண்டியிருந்தது. செவர்லே உடலுக்குள் சோவியத் எஞ்சின், பியூக் உடலுக்குள் டீசல் எஞ்சின், கடைசற் பட்டறையிற் செய்த உதிரிப்பாகம் என அவை உயிர் வாழ்ந்தன. இன்று ஹவானாவில் உல்லாசப் பயணிகளை ஏற்றும் பளபளக்கும் திறந்த கார்களும் உண்டு. ஆயின் அன்றாடம் மக்களைச் சுமப்பவை மங்கிய வண்ணமுடைய பங்கு வாடகைக் கார்களே. அமெரிக்க ஏல மேடையில் இவை இலக்கப் பொருத்தமற்றவை, ஆதலின் மதிப்புக் குறைந்தவை. இவற்றிலுள்ள உழைப்போ மறைக்கப்படவில்லை. ஒவ்வொரு பொருத்தும் செய்தவரின் கைவண்ணத்தைக் காட்டி நிற்கிறது.

எமது வாசகர்க்கு இது புதுமையாக இராது. 1990களில் பொருளாதாரத் தடையின்கீழ் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெற்றோல் அரும்பொருளானபோது, பழைய ஒஸ்டின், மொறிஸ் கார்கள் சில துளி பெற்றோலால் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஆஸ்பத்திரிக்குச் சுமந்தவை அவை. அவற்றை ஓடவைத்த 'கராஜ்' தொழிலாளர் பழைமையைப் போற்றும் எண்ணத்தில் அதனைச் செய்யவில்லை, தேவை செய்வித்தது. பேணுதல் என்பது ஒரு வர்க்கத்தின் பொழுதுபோக்கு மட்டுமன்று, ஒரு மக்களின் வாழ்வாதாரமுமாகலாம் என்பதற்கு ஹவானாவும் யாழ்ப்பாணமும் சான்று.

இதுகாறும் நோக்கியவற்றால் சில முடிவுகள் பெறப்படும். பழைய கார்களின் விலை அவற்றின் பயன்பாட்டிலிருந்தோ உழைப்பிலிருந்தோ நேரே பிறப்பதன்று. அருமை, சான்றுகள், ஒரு தலைமுறையின் நினைவு ஆகியவற்றின் கூட்டு விளைவு. நினைவில் தங்கியுள்ள அப்பகுதி, அத்தலைமுறையோடு மாறக்கூடியது. புதுக்குதலும் மாற்றியமைத்தலும் திறமை மிக்க உழைப்புகள். அவற்றை இகழ்வது எமது நோக்கமன்று. துருவேறிய தகட்டிலிருந்து ஒரு வடிவத்தை மீட்டெடுக்கும் கைகள் மதிப்புக்குரியவை. ஆயின், அதே மதிப்பு அவ்வடிவத்தை முதன்முதல் ஆக்கிய கைகளுக்கும் உரியது. ஆலைக் கட்டளைத் தாளைத் தேடி இருக்கையின் அடியைத் துழாவும் பொறுமை, அவ்வாலையின் சம்பளப் பேரேட்டையும் வேலைநிறுத்தத் துண்டுப்பிரசுரத்தையும் தேடும் அளவுக்கு விரியுமாயின், புதுக்கப்பட்ட கார் வெறும் பண்டமாயிராது வரலாற்று ஆவணமாகும். அதுவரையில் அது பாதி மட்டுமே புதுக்கப்பட்டதெனக் கொள்வதே பொருந்தும்.